ஜன்னலோர நாற்காலிக்கு ஆள் கிடைத்துவிட்டது

லுண்ட்,
நவம்பர் 16

என் செல்ல மகள் டில்டாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் இடது முழங்கால் ஒன்றைத் தவிர நாங்கள் இருவரும் சௌக்கியம். நீயும் உச்சி முதல் உள்ளங்கால் வரை மிச்சம் வைக்காமல் சௌக்கியமாக இருக்கிறாய் என்று உன் கையால் எழுதினால்தான் நம்புவேன், ஏனென்றால் "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்று போனில் நீ சொல்கிற குரல் எனக்குப் பழக்கம், காய்ச்சல் வந்த நாளிலும் உனக்கு அதே குரல்தான். ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்கு மெனக்கெட்டு ஒரு கடிதம், அது கப்பலில் வருகிறதோ நடந்து வருகிறதோ தெரியாதே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் குறுக்கிடுவாய், அப்பா பின்னாலிருந்து திருத்தம் சொல்வார், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உங்கள் ஊர் ஆடுகளைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். காகிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது. அதனால் காபியைக் கலந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், நீயும் ஒரு கோப்பையோடு உட்கார்ந்து படி.

இங்கே மழை மேலிருந்து பெய்வதை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் பெய்ய ஆரம்பித்துவிட்டது, மத்தியானம் நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. அப்பாவின் சைக்கிளை ஸ்டேஷன் வாசலில் மறுபடியும் யாரோ தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தத் தடவை பூட்டை மட்டும் கம்பியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், அதற்கு அப்பா, "பூட்டு நல்ல பூட்டுதான் அன்னெலி, பாரேன், ஒரு கீறல் இல்ல" என்று அதை வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்து வைத்திருக்கிறார். ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிற மனிதர், தினமும் ஆயிரம் பேரைச் சந்தேகமாகப் பார்க்கிறவர், சைக்கிள் விஷயத்தில் மட்டும் பச்சைக் குழந்தை. ஆக்செலும் அவன் வீட்டுக்காரியும் கிறிஸ்துமஸுக்கு வருகிறார்கள், உன் தம்பி தாடி வளர்த்திருக்கிறான், அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லக்கூடாதாம், நானும் சொல்லவில்லை, உனக்கு மட்டும் சொல்கிறேன், சகிக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா ஒரு திருட்டு வேலை செய்தாள், அதில் வசமாக மாட்டிக்கொண்டாள். எங்கள் மால்மோ ஆபீஸில் எனக்கு எதிரே, கால்வாய் தெரிகிற ஜன்னலோரத்தில், குனில்லா உட்காருவாளே ஒரு மேஜை, அவள் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அது காலியாகவே கிடந்தது. ஆள் கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். ஆள் கிடைக்காமல் இல்லை. வருகிற விண்ணப்பத்தையெல்லாம் முதலில் படிக்கிறவள் நான்தான். ஒருவனுக்கு வாக்கியம் நீளம் என்றேன், ஒருத்திக்குக் குட்டை என்றேன், இன்னொருவன் எல்லாம் சரியாக எழுதியிருந்தான், அவனை ரொம்பச் சரியாக இருக்கிறது, சந்தேகமாக இருக்கிறது என்று தள்ளினேன். யாரும் அந்த மேஜையில் கைப்பையைக்கூட வைத்துவிடக் கூடாதென்று வீட்டிலிருந்து ஒரு ஜெரேனியம் பூச்செடியைத் தொட்டியோடு கொண்டுபோய் நடுவில் வைத்தேன். ஏன் என்று இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும். அந்த நாற்காலியை உனக்காகப் பிடித்து வைத்திருந்தேன்.

நீ என்னைக் கேட்கவில்லை, தெரியும். ஆராய்ச்சிக்கென்று நியூசிலாந்துக்குப் போகும்போது நீ இரண்டு வருடம் என்றாய், பிறகு மூன்று என்றாய். ஆகஸ்டில் ஒரு நாள், "மூணாவது தடவையும் செல்லெல்லாம் செத்துப்போச்சும்மா, ஜூனுக்கு மேல என்னை இங்க வெச்சுக்குவாங்களான்னே தெரியல" என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் "அடடா, கண்ணு" என்றேன். வாய் அப்படிச் சொன்னது. மனசு எழுந்து நின்று கை தட்டியது. பெற்ற பெண்ணின் ஆராய்ச்சி தோற்றதற்குச் சந்தோஷப்பட்ட தாய் இந்த ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன். மறுநாள் ஆபீஸுக்குப் போய் ஜெரேனியத்துக்கு இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றினேன்.

இப்படி இருக்கும்போது பல்கலைக்கழகத்தில் பிஎச்டி மாணவர்கள் சங்கத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே என்னென்ன வேலை இருக்கிறது என்று ஒரு நாள் மத்தியானம் கூட்டம் வைக்கிறார்களாம், மருத்துவ எழுத்து என்ற தொழிலை அறிமுகப்படுத்த ஒருவர் வந்து பேச வேண்டுமாம். எங்கள் மலின் இருக்கிறாளே, எனக்கு மேலதிகாரி, உன்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அவள் துள்ளிக் குதித்துவிட்டாள். "நீயே போ அன்னெலி. இருபத்தஞ்சு வருஷமா எழுதறவ நீ, நீ பேசினா புள்ளைங்க வரிசைகட்டி வரும். கிறிஸ்துமஸுக்குள்ள அந்த மேஜைக்கு ஆள் வந்தாகணும், அந்தச் செடியப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போச்சு" என்றாள். முடியாது என்று எப்படிச் சொல்வது? நான் போகாவிட்டால் அவளே போய்விடுவாள், அவள் பேசினால் பாறாங்கல்கூட விண்ணப்பம் போடும். அதனால் சரி என்றேன். வீட்டுக்கு வருகிற வழியில் ரயிலிலேயே திட்டம் தயாராகிவிட்டது. பொய் சொல்லக்கூடாது, பொய் எழுதாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் உண்மையை உப்பில்லாமல் பரிமாறலாம் அல்லவா? கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும்படி உள்ளதை உள்ளபடி சொல்வது, ஒருவரும் வரமாட்டார்கள், மலினுக்கும் பேசினேன் என்ற திருப்தி, நாற்காலியும் பத்திரம்.

அப்பா உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருக்கும்போது அவர் முன்னால் ஒரு தடவை பேசிப் பார்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுல என்ன குறை? தப்பு வரக்கூடாது, பேரு வராது, நேரத்துக்கு வீட்டுக்குப் போலாம். இது என் வேலைதானே? நல்ல வேலையாச்சே" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அவருக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். கூடவே நாற்காலி விஷயத்தையும் அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "டில்டா கேட்டாளா?" என்றார். கேட்கவில்லை, கேட்கக் கூச்சப்படுவாள் என்றேன். "அவளா? கூச்சமா?" என்று சொல்லிவிட்டு மறுபடி கிழங்கை எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் நடுவில் கூட்டம். அறை நிறைய மாணவர்கள், கடைசி வருடக்காரர்கள்தான் அதிகம், பார்த்தாலே தெரியும், நீ முடிக்கிற வருடம் உனக்கு இருந்த அதே முகம், தூக்கமும் இல்லை சாப்பாடும் இல்லை. நான் எழுந்து நின்று முதல் குண்டைப் போட்டேன். இந்த வேலைக்கு வந்தால் உங்கள் பெயர் எங்கேயும் வராது. ஒரு மருந்துச் சோதனையின் அறிக்கை இரண்டாயிரம் பக்கம் எழுதுவீர்கள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளைப் பத்து தடவை திருத்தி எழுதுவீர்கள், ஊரே அதைப் படிக்கும், எழுதியது யார் என்று ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. முகங்கள் வாடும் என்று பார்த்தேன். முன்வரிசையில் ஒரு பையன் பெருமூச்சு விட்டான், ஏமாற்றம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்ததாக, நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் ஐந்து பேர் கிறுக்குவார்கள் என்றேன், மருத்துவர் ஒன்று சொல்வார், புள்ளிவிவரக்காரர் அதற்கு நேர்மாறாகச் சொல்வார், நீங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சமாதானம் பேச வேண்டும், அதுவும் ஒரே வாரத்துக்குள். வரியில் ஒரு எண் இருந்தால் அது எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்று இன்னொருவர் விரலை வைத்துச் சரிபார்ப்பார். ஒருத்தி ஏதோ எழுதிக்கொண்டாள். நீங்களாக எதையும் கண்டுபிடிக்க மாட்டீர்கள், அடுத்தவர் கண்டுபிடித்ததைத்தான் எழுதுவீர்கள், மருந்து வேலை செய்யவில்லை என்றாலும் விட முடியாது, வேலை செய்த மருந்துக்கு எத்தனை பக்கமோ அத்தனை பக்கம் அதற்கும் எழுத வேண்டும் என்றேன். கடைசியாக, இதில் ஒரு பரபரப்பும் கிடையாது, நாலரைக்கு மேஜையை மூடிவிட்டுக் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு போகிற வேலை என்று இளப்பமாக ஒரு சொல் சொல்லி முடித்தேன்.

ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு கை எழவில்லை. எனக்கு உள்ளுக்குள் கிறிஸ்துமஸ், நடுக்கோடைத் திருவிழா எல்லாம் சேர்ந்து நடந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பிறந்ததிலிருந்து இந்த நாட்டில் இருக்கிறவள் நான், கூட்டத்தில் யார் கை தூக்கியிருக்கிறார்கள், நீ எப்போதாவது தூக்கினாயா? எல்லாரும் பார்க்க ஒரு கேள்வி கேட்பதைவிட பால்டிக் கடலில் ஜனவரியில் குதிப்பார்கள். அந்த அமைதியைப் போய் வெற்றி என்று நினைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். வெளியே காபி பிளாஸ்க் வைத்திருந்த மேஜை வரைக்கும்தான் போனேன், திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் வரிசை. பேருந்து நிறுத்தத்தில் நிற்பதுபோல ஆளுக்கு ஒரு கை இடைவெளி விட்டு, கையில் ஏலக்காய் பன்னோடு, சத்தமில்லாமல் நிற்கிறார்கள்.

முதலில் அந்தப் பெருமூச்சுப் பையன். "பேரே வராதா? நெஜமாவா? எங்க லேப்ல கட்டுரையில பேரு முதல்ல வருதா ரெண்டாவது வருதான்னு ரெண்டு பேரு ஒரு வருஷமா பேசிக்கறதில்லங்க" என்றான். எழுதிக்கொண்ட பெண் வந்து, "ஒரே வாரத்துல அஞ்சு பேரு படிப்பாங்களா? என் கைடு ஏப்ரல்ல வாங்கிட்டுப் போன அத்தியாயத்த இன்னும் தொறக்கவே இல்ல" என்றாள், சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொருத்தி அந்த நாலரை மணி எல்லா நாளுக்குமா இல்லை வெள்ளிக்கிழமைக்கு மட்டுமா என்று கேட்டாள். டில்டா, நான் உப்பில்லாமல் பரிமாறினேன், அவர்கள் வருடக்கணக்கில் உப்பை மட்டுமே தின்று வந்திருக்கிறார்கள். அது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

வரிசையில் கடைசியாக ஒரு பெண், பெயர் ஷிலான். மால்மோ பெண்தான், அவள் அப்பா அம்மா குர்திஸ்தானிலிருந்து வந்தவர்களாம். கையில் சைக்கிள் ஹெல்மெட்டை வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றாள், எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தாள். கணையத்து செல்லில் ஏதோ ஒன்றைத் தடுக்கப் பார்க்கிறாளாம், மூன்று வருடமாகத் தடுக்க முடியவில்லையாம், அதை ஓரமாக வை, வேறு ஏதாவது செய் என்று கைடு சொல்லிவிட்டாராம். "வேலை செய்யாத மருந்தையும் முழுசா எழுதுவோம்னு சொன்னீங்களே, அத யாரு படிப்பாங்க?" என்று கேட்டாள். இந்த இடத்தில் என் திட்டம் எனக்கே மறந்து போயிற்று. சில வருடங்களுக்கு முன் அரிப்புக்கு ஒரு மருந்து, சோதனையில் தோற்றுப்போனது, அதற்கு நான் எழுதிய அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். அதில் ஒரு முதியவர் இருந்தார், எங்களுக்கு அவர் ஒரு எண்ணும் ஒரு வயதும்தான், பெயர் தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார், ஒரு வருடம். ஒரே ஒரு முறை வரவில்லை, பனியில் பேருந்து ஓடவில்லை என்று காரணம் பதிவாகியிருந்தது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மருந்து வேலை செய்யவில்லை என்பதற்காக அவர் வந்ததும் கையை நீட்டியதும் நடக்காமல் போய்விடுமா, அடுத்த கம்பெனிக்காரன் அதே மருந்தை இன்னொரு கிழவருக்குக் கொடுத்து அதே பனியில் வரச் சொல்லாமல் இருக்க யாராவது எழுதி வைக்க வேண்டாமா என்றேன். இன்னும் என்னென்னவோ பேசினேன், காபி ஆறிவிட்டது.

அவள் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டினாள், மறுபடி கழற்றினாள். பிறகு, "மூணு வருஷமா நான் செஞ்சது ஒண்ணுமே இல்லன்னு தெனமும் எங்கம்மாகிட்ட சொல்லிட்டிருக்கேன். அவங்களும் பாவம், 'அடடா'ன்னு கேட்டுக்குவாங்க. இன்னிக்குப் போய் வேற மாதிரி சொல்லணும்" என்றாள். சொல்லிவிட்டு மழையில் சைக்கிளில் போய்விட்டாள். நான் அந்தப் பிளாஸ்க் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு உன் குரல் கேட்டது. ஊரார் பெண்ணுக்கு இத்தனை பேசத் தெரிந்த எனக்கு, என் பெண் செல்லெல்லாம் செத்துப்போச்சு என்று சொன்னபோது ஒரு "அடடா"வுக்கு மேல் சொல்லத் தெரியவில்லை, அந்த அடடாவும் கள்ள அடடா.

அடுத்த வாரம் மலின் கையில் ஒரு கேக்கோடு வந்தாள். "அந்த ஊர்ல என்ன மந்திரம் போட்ட நீ? தபால்பெட்டி ரொம்பி வழியுது!" என்றாள். ஷிலானும் விண்ணப்பித்திருந்தாள், ஜனவரியில் ஆய்வேட்டை முடித்துவிடுவாளாம், அந்த ஓரமாக வைத்த மூன்று வருடத்தையும் ஒரு முழு அத்தியாயமாக எழுதிச் சேர்க்கப் போவதாகவும் கைடிடம் சொல்லிவிட்டாளாம். எங்கள் வழக்கப்படி சோதனைக்கு ஒரு வேலை கொடுத்தோம், ஒரு நோயாளியின் ரத்தக் கணக்கு, தேதி, மாத்திரை விவரமெல்லாம் கொடுத்து அவருக்கு என்ன நடந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதச் சொல்வது. வந்ததும் நான் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்தேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு, மருந்தால் வாந்தி வந்தது என்று எழுதிவிடுவார்கள். மருந்து சாப்பிட்ட மறுநாள் வாந்தி வந்தது, அதுதான் நமக்குத் தெரியும், மருந்தால்தானா என்பது நமக்குத் தெரியாது. அவள் மறுநாள் வந்தது என்றே எழுதியிருந்தாள். அதோடு விடாமல், முதல் நாள் அவர் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தார் என்று எங்கோ ஒரு மூலையில் இருந்ததையும் தோண்டியெடுத்து, அதன் மேல் பழி போடாமல், பக்கத்திலேயே வைத்திருந்தாள். எனக்கு வந்த எரிச்சலை என்னவென்று சொல்வேன்! பேனாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

எங்கள் ஆபீஸ் உனக்குத் தெரியும், எல்லாரும் சரி என்று சொன்னால்தான் எதுவும் நடக்கும், மற்றவர்கள் ஒரே நாளில் சரி என்றுவிட்டார்கள். நான் மட்டும் யோசிக்கிறேன் என்றேன். யாராவது ஏன் என்று கேட்டிருந்தால் ஏதாவது சண்டையாவது போட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை. காபி நேரத்தில் பேச்சை நிறுத்தி என்னைப் பார்ப்பார்கள், பிறகு பன் தட்டை என் பக்கம் நகர்த்தி வைப்பார்கள். ஒரு வாரம் அப்படியே போனது, எனக்குப் பாவாடை இறுகிவிட்டது.

அதற்குள் வருடா வருடம் நவம்பரில் வருகிற புனித மார்ட்டின் நாள் வாத்து விருந்து வந்தது. இஸ்தாத் ஊரில் பரிட் அத்தை வீட்டுக்குப் போனோம், அத்தை வழக்கம்போல வாத்து ரத்தத்தில் அந்தக் கறுப்பு சூப்பை வைத்து, "டில்டா இல்லாததால அவ பங்கும் உனக்குத்தான்" என்று என் கிண்ணத்தை ரொப்பினாள், உன் அருமை அங்கேதான் தெரிந்தது. திரும்பும்போது மிச்ச வாத்தை ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தாள். ரயிலில் அதைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். வண்டியில் நல்ல கூட்டம், ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள், நான் கவனிக்கவில்லை. எதிரே இருந்த அப்பா என்னைப் பார்த்து, "என் சர்வீஸ்ல எத்தனையோ பேரப் பார்த்துட்டேன் அன்னெலி. சீட்ல பைய வெச்சுக்கிட்டு, 'ஆள் வருது, ஆள் வருது'ன்னு வழி பூரா சொல்லிட்டே வருவாங்க. கடைசி ஸ்டேஷன்ல பையோடதான் எறங்குவாங்க" என்றார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், அந்தப் பெண் உட்கார்ந்தாள். வாத்தைத்தானே சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "பின்ன, வேற என்ன?" என்றார். முகத்தைப் பார்த்தால் வாத்தைச் சொன்ன மாதிரி இல்லை. லுண்ட் வருவதற்குள் கொஞ்சம் அழுதேன், குழந்தை என்னையே பார்த்துக்கொண்டு வந்தது.

மறுநாள் காலைக் காபிக்கு எல்லாரும் உட்கார்ந்ததும், பன் தட்டு நகர்வதற்கு முன்னால், அந்தப் பெண் வரட்டும் என்றேன். யாரும் கை தட்டவில்லை, நம் ஊரில் அதெல்லாம் ஏது. மலின் மட்டும் எழுந்து போய் ஜெரேனியத்தைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும் போலிருக்கிறது. ஷிலானுக்கு நானே போன் செய்து சொன்னேன். "ஒரு நிமிஷம் இருங்க, அம்மாவக் கூப்பிடறேன், அவங்ககிட்டயும் நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா நம்பமாட்டாங்க" என்றாள். அந்த அம்மாளும் நானும் ஒரு மணி நேரம் பேசினோம், ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள், என்ன எடுத்துக்கொண்டு போவதென்று தெரியவில்லை, வாத்து இன்னும் மிச்சம் இருக்கிறது, ஆனால் அது வேண்டாம் என்கிறார் அப்பா.

இனி உனக்கு நாலு வார்த்தை. ஆகஸ்டில் நான் சந்தோஷப்பட்டதற்கு என்னை மன்னித்துவிடு, அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். மூன்று தடவை செத்துப்போன அந்த செல்லையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டு மறந்துவிடாதே. என்ன செய்தாய், எப்படிச் செய்தாய், எங்கே வரை உயிரோடிருந்தது, எல்லாவற்றையும் ஜெயித்த கதையை எழுதுகிற அதே பக்க அளவுக்கு எழுதி வை. யார் படிப்பார்கள் என்று கேட்காதே, முதலில் நான் படிப்பேன், சிவப்புப் பேனா இல்லாமல். ஜூனுக்குப் பிறகு அங்கேயே இருப்பாயோ, வேறு எங்கே போவாயோ, ஆராய்ச்சியை விடுவாயோ, பிடித்துக்கொள்வாயோ, அது உன் பாடு. அதைப் பற்றி இனி ஞாயிற்றுக்கிழமை போனில் நான் சுற்றி வளைத்துக் கேட்க மாட்டேன். கேட்டால் போனை வைத்துவிடு, அப்பாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பரிட் அத்தைக்கு டிசம்பர் நாலாம் தேதி எழுபது முடிகிறது, மறக்காமல் கூப்பிடு, சூப்பைப் பற்றி எதுவும் கேட்காதே, பக்குவம் எழுதி அனுப்பிவிடுவாள். உங்கள் ஊரில் வெயில் பொல்லாதது என்கிறார்கள், களிம்பு பூசாமல் வெளியே போகாதே, உன் தோல் என் தோல், ஐந்து நிமிடத்தில் இறால் மாதிரி ஆகிவிடும்.

எந்தக் குறையும் இல்லாமல், நல்ல மனிதர்கள் நடுவில், நன்றாகத் தூங்கி நன்றாகச் சாப்பிட்டு நீ பல்லாண்டு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்துகொள். உனக்காக இங்கே இப்போது எந்த வேலையும் கிடையாது, ஒரு நாற்காலியும் காலி இல்லை. ஆகவே நீ வந்தால் எங்களைப் பார்க்கத்தான் வந்தாய் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிடும். ஒரு காரணமும் இல்லாமல், சும்மா, ஒரு தடவை வந்துவிட்டுப் போ கண்ணு.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா
அன்னெலி